புஷ்பலதாவின் கன்னத்துக்கு ஓர் எண்ணெய்

ஆரணியில் பட்டுப் புடவையைக் கையால் தடவிப் பார்ப்பவர்கள் ஆயிரம் பேர் உண்டு. கன்னத்தால் பார்ப்பவள் ஒருத்திதான். அவள் பெயர் புஷ்பலதா. வயது நாற்பத்திமூன்று. கேட்டால் முப்பத்தொன்பது என்பாள், அதையும் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் கன்னம் என்றால் அதற்கொரு காரணம் இருக்கிறது. பதினாறு வயதிலிருந்து ராட்டை முன்னால் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக்கொடுத்தவள் அவள். பட்டு நூல் பார்வைக்குத்தான் சாது. விரலிடுக்கில் இருபது வருஷம் ஓடவிட்டால் அரம் மாதிரி வேலை செய்யும். புஷ்பலதாவின் விரல் நுனிகள் அப்படிக் காய்த்துப் போயிருந்தன. கொதிக்கிற தோசைக்கல்லைத் துணி இல்லாமலே இறக்கி வைப்பாள். ஒருதரம் மிக்ஸியில் கரண்டு அடித்தபோது, மிக்ஸிக்குத்தான் வலித்தது என்று தெருவே பேசிக்கொண்டது. அந்த விரல்களுக்குப் பட்டும் ஒன்றுதான், கோணிப்பையும் ஒன்றுதான்.

அதனால் கணவன் பாலு தறியிலிருந்து புடவையை அறுத்துக் கொடுத்ததும், அவள் முந்தானையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக் கண்ணை மூடுவாள். ஜரிகை எங்காவது ஒரு இழை பிசிறு விட்டிருந்தால்கூடக் கன்னம் சொல்லிவிடும். "இங்க குத்துது பாருங்க" என்பாள். பாலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவான், அங்கேதான் இருக்கும்.

இந்தக் கன்னம் ஊரறிந்த கன்னமாக ஆனது தற்செயலாகத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பரசுராமன் தன் பட்டுக் கடை மாடியில் வட்ட லைட்டும் ஸ்டாண்டும் வாங்கி வைத்து, போனில் நேரலையாகப் புடவை விற்க ஏற்பாடு செய்தார். புடவை கட்டிக் காட்டச் சென்னையிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. அவள் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, பாலு நெய்த இரண்டு புடவையைக் கொடுத்துவிட்டுப் போக மாடியேறி வந்தாள் புஷ்பலதா. "ஏம்மா புஷ்பா, சும்மா தோள் மேல போட்டுகினு நில்லு" என்றார் பரசுராமன். நின்றாள். பழக்க தோஷத்தில் முந்தானையைக் கன்னத்தில் ஒற்றிக் கண்ணை மூடினாள். மூடிய கண்ணைத் திறந்து சிரித்தாள். அன்றைக்கு வைத்திருந்த புடவை அத்தனையும் போனது.

அதிலிருந்து வாரத்துக்கு மூன்று லைவ். கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்திருக்கிற பெண்கள் கலரைக் கேட்கமாட்டார்கள், பார்டரைக் கேட்கமாட்டார்கள். "அக்கா கன்னம் என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள். சில புடவைக்குக் கன்னம் சம்மதிக்காது. "இது வேணாம்மா, ஜரிகை கொஞ்சம் பேஜார் பண்ணுது" என்று அவள் மடித்துக் கீழே வைத்துவிடுவாள். பரசுராமனுக்கு வயிறு எரியும். ஆனால் அப்படி ஒன்றைக் கீழே வைத்தால் மேலே பத்து விற்கிறது என்பதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து எரிச்சலை வெளியே காட்டுவதில்லை.

இப்படிப்பட்ட கன்னத்துக்குத்தான் அந்த மார்கழியில் சோதனை வந்தது.

அந்த வருஷப் பனி சாதாரணப் பனி இல்லை. கோலம் போட்ட கை கோலத்தோடு ஒட்டிக்கொண்டது, பால்காரன் பாலை ஊற்றாமல் உடைத்துக் கொடுத்தான் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. அவ்வளவு வேண்டாம், பாதியை நம்பினால் போதும். அந்தப் பனிக் காற்றோடு கடை மாடியின் ஏ.சி.யும் சேர்ந்து புஷ்பலதாவின் முகத்தை உறிஞ்சி எடுத்தது. கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில். சிரித்தால் உதட்டோரம் கோடு விழுந்தது. அழகு போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். சங்கடம் வேறு: முந்தானையை ஒற்றினால், காய்ந்த தோல் பட்டு இழையைப் பிடித்து இழுத்தது. குத்துவது ஜரிகையா, தன் தோலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைகளில் விற்கும் க்ரீம் இரண்டு வாங்கிப் பார்த்தாள். ஒன்று மாவு பூசினது மாதிரி வெளுத்து நின்றது. இன்னொன்று மறுநாளே தாடையில் பருக்களை வரிசையாக உட்கார வைத்தது. கடைசியில் ஒரு நாள் லைவுக்குப் போகும் அவசரத்தில், அடுக்களையில் இருந்த தேங்காய் எண்ணெயை இரண்டு கன்னத்திலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு போனாள். முகம் பளபளவென்று குத்துவிளக்கு மாதிரி இருந்தது. வட்ட லைட்டே கொஞ்சம் கூசிப்போனது.

அன்றைக்கு நாலாவது புடவை சந்தன நிறம், மெல்லிய ஜரிகைக் கரை. வேலூர்க் கல்யாணப் பெண் ஒருத்தி அதற்காகவே காத்திருந்தாள். புஷ்பலதா முந்தானையைக் கன்னத்தில் ஒற்றினாள், கண்ணை மூடினாள், திறந்தாள், சிரித்தாள். முந்தானையை எடுத்துப் போனுக்கு நேராக விரித்தாள்.

சந்தனப் பட்டின் நடுவே, மாங்கொட்டை அளவில் ஒரு கறை.

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி எழுதினாள்: "அக்கா, அது புது டிசைனா?"

போனைப் பிடித்துக்கொண்டிருந்த தேவிப்ரியா அதை வழக்கம்போல் சத்தமாக வாசித்தும்விட்டாள். வாசித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரசுராமன் முகப்பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக் கறைமேல் கொட்டினார். பவுடர் அவர் மீசை வரைக்கும் எழும்பியது.

லைவ் முடிந்ததும் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"புஷ்பா, இனிமே கன்னத்துல வெக்காதம்மா. தோள்ல போட்டுக் காட்டினாப் போதும்."

"கன்னம் வெக்காம நான் எதுக்குங்கண்ணா? தோள்ல போட்டுக் காட்ட ஹேங்கர் போதுமே."

"தை முதல் ஞாயிறு பெரிய லைவ். முகூர்த்தப் புடவையா எறக்கப்போறேன். அதுக்குள்ள உன் கன்னத்தைச் சரி பண்ணிகினு வா. வறண்டும் இருக்கக் கூடாது, எண்ணெயும் ஒட்டக் கூடாது. இல்லாட்டி தேவிப்ரியா நிக்கட்டும். கன்ன வேலையை மொத்தமா நிறுத்திடலாம்."

தேவிப்ரியா பரசுராமனின் தம்பி மருமகள். எம்.பி.ஏ. படித்தவள். போனுக்குப் பின்னால் புலி, முன்னால் வந்தால் பூனை. கீழே இறங்கும்போது அவள் புஷ்பலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எப்படியாவது சரி பண்ணிடுங்க. நான் முன்னாடி நின்னா விக்கல் வந்துடும். கல்யாணத்துல தாலி கட்டும்போதே பதினேழு விக்கல். வீடியோ இருக்கு, வேணும்னா காட்டறேன்."

புஷ்பலதா சிரித்தாள். சிரித்ததில் உதட்டோரம் எரிந்தது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தாள். விரல் போன பிறகு மிச்சமிருந்தது இந்தக் கன்னம் ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் புடவையோடு அவளுக்கு என்ன பேச்சு? பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையிலேயே தேவிப்ரியா போனில் ஒரு பட்டியல் அனுப்பினாள். ஜொஜோபா, ஆர்கன், ரோஸ்ஹிப், ஸ்குவாலேன். பாலு அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இன்னா புஷ்பா, இதெல்லாம் எந்த ஊர் பசங்க?" என்றான்.

"எண்ணெய் பேருங்க."

"எண்ணெய்க்கு இவ்ளோ பெரிய பேரு வெச்சா அது எப்படி லேசா இருக்கும்?"

அந்தப் பசங்கள் யாரும் ஆரணி பஜாரில் கிடைக்கவில்லை. செய்யாறு போகும் சாலையில் மரச்செக்கு வைத்திருக்கிற நேமிசந்திரன் கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்று, சாயங்காலம் ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். கடையில் அவர் மனைவி சக்ரேஸ்வரி அம்மாள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். திருமலைப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும்.

"ஜல்தி சொல்லும்மா, சூரியன் எனக்காக நிக்காது."

"முகத்துக்குத் தடவ லேசா ஒரு எண்ணெய் வேணும்மா. தடவினதே தெரியக் கூடாது. பட்டுல ஒட்டக் கூடாது."

சக்ரேஸ்வரி அம்மாள் ஷட்டரை மறுபடி ஒரு முழம் தூக்கினார். கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. வரிசையாகக் குட்டிப் பாட்டில்களை எடுத்து வைத்தார். நல்லெண்ணெய், தேங்காய், கடலை, விளக்கெண்ணெய், பாதாம். பிறகு அரிசித் தவிட்டு எண்ணெய்: "இதுமட்டும் செக்குல வராது, வெளியிலேர்ந்து வாங்கி விக்கறோம்." கடைசியாக, உள் அலமாரியிலிருந்து வெளுத்த மஞ்சளில் ஒரு பாட்டில்.

"இது தர்பூசணி விதை. கலசப்பாக்கத்துக்காரர் ஒருத்தர் விதையைக் கழுவிக் காயவெச்சுக் கொண்டாந்து ஆட்டிட்டுப் போனார். ஏழையும் கொண்டு போய்ப் பாரு. எது ஒத்துக்குதோ அதுக்கு மட்டும் காசு."

புஷ்பலதா ஏழு பாட்டிலையும் முந்தானையில் முடிந்துகொண்டு, நடந்தாளா பறந்தாளா என்று தெரியாமல் வீடு வந்தாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். பட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் எண்ணெயைத் தொட்டு முகத்தில் வைத்திருப்பாள். இவள் பட்டில் வைத்தாள். நிறம் பார்க்க பாலு நெய்து வைத்திருந்த சின்னச் சின்னப் பட்டுத் துண்டுகளைப் பெட்டியோடு எடுத்து வந்து, வெளிர் நிறமாக ஏழைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, தறிக்கு மேலே கயிறு கட்டித் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். எது கறை விடாமல் காய்கிறதோ அதுதான் முகத்துக்கு என்று அவள் கணக்கு. இரண்டு நாள் அவை தோரணம் மாதிரி ஆடின. பாலு குனிந்து குனிந்து தறிக்குப் போனான். மூன்றாம் நாள் இறக்கிப் பார்த்தால் ஏழிலும் ஏழு கறை. தர்பூசணிக் கறை கொஞ்சம் மெலிசு, அவ்வளவுதான்.

"எண்ணெய்னா கறை படத்தானே செய்யும்" என்றான் பாலு.

"மொதல்லயே சொல்றதுதானே?"

"நீ இவ்ளோ கஷ்டப்பட்டுத் தொங்கவுடறியே, ஏதோ விஷயம் இருக்கும்னு நெனச்சேன்."

ஏழு துண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு செக்குக் கடைக்குப் போய் மேஜைமேல் போட்டாள். முகம் தொங்கிப் போயிருந்தது. சக்ரேஸ்வரி அம்மாள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். செக்குச் சத்தத்தையும் தாண்டிக்கொண்டு சிரித்தார். உள்ளே நேமிசந்திரன் செக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வறட்சி உனக்கா, புடவைக்கா?"

"எனக்குத்தாம்மா."

"அப்போ பட்டுக்கு ஏன் வைத்தியம் பண்ணிட்டு வந்திருக்கே? புழுவைக் கொன்னு எடுக்கறதுன்னு எங்க வீட்டுல பட்டு கட்டறதில்லே, பட்டைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா இது செத்த நூல், எண்ணெயைக் குடிக்காது, ஏந்திக்கிட்டு நிக்கும். தோல் உயிரோட இருக்கு, குடிக்கும். எந்த எண்ணெயை எவ்ளோ நேரத்துல குடிக்குதுன்னுதான் பாக்கணும். குடிச்சு முடிச்ச பிற்பாடு பட்டை வெச்சுப் பாரு."

புஷ்பலதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷமாக எதைப் பார்த்தாலும் பட்டில் வைத்துத்தான் பார்த்திருக்கிறாள். தன் தோலில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

அன்றைக்கே சோதனை தலைகீழானது. இடது முன்னங்கையில் ஏழு கட்டம். அரிப்பு வருகிறதா என்று முதலில் ஒரு நாள் விட்டுப் பார்த்தாள், வரவில்லை. பிறகு ஈரக்கையால் துடைத்து, ஏழு கட்டத்திலும் ஒவ்வொரு துளி. அரை மணி கழித்து ஒவ்வொன்றின்மேலும் புதுப் பட்டுத் துண்டை வைத்து அழுத்தினாள். ஆனால் கை வேறு, முகம் வேறு. அதனால் முகத்திலும் நாளுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். அந்த ஏழு நாள் கதையை அந்தத் தெருவில் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய் அரை மணிக்குப் பிறகும் அப்படியே மேலே நின்றது, வாசலில் நிற்கிற வாடகைக்காரன் மாதிரி. நல்லெண்ணெய் கொஞ்சம் உள்ளே போனது, ஆனால் வாசனை உள்ளே போகவில்லை. எதிர்வீட்டுச் சசிகலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னா புஷ்பாக்கா, உங்க வீட்டுல எள்ளுருண்டையா?" என்று கிண்ணத்தோடு வந்து நின்றாள். கடலை எண்ணெய் நாளில் ஒரு காக்கா சாயங்காலம் வரைக்கும் அவள் பின்னாலேயே சுற்றியது. விளக்கெண்ணெய் நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கன்னத்தில் உட்கார்ந்த ஈ ஒன்று எழுந்திருக்க முடியாமல் தவிக்க, பாலு தறியிலிருந்து இறங்கிவந்து, அறுந்த இழை எடுக்கிற இடுக்கியால் அதைக் கழற்றிப் பறக்கவிட்டான். அது போகிறபோது திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது என்பது பாலுவின் சேர்க்கை.

பாதாம் எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முழுசாக உள்ளே போக ஒரு மணிக்குமேல் ஆனது. தவிட்டு எண்ணெய் இதமாக, வாசனையில்லாமல் போனது. துண்டில் லேசாக ஒரு வளையம் மட்டும். தர்பூசணி விதை எண்ணெய் பத்தே நிமிஷத்தில் மாயமானது. தொட்டால் எண்ணெய் தெரியவில்லை, கன்னம்தான் தெரிந்தது. துண்டில் ஒன்றுமே இல்லை.

"கெடச்சுடுச்சு!" என்று அவள் கத்திய கத்தலில் பாலுவின் கையில் குழல் ஓட்டும் நாடா தவறி, ஊடை ஒன்று கோணிப்போனது.

ஆனால் மத்தியானத்துக்குள் முகம் மறுபடி இழுத்துக்கொண்டது. வந்த வேகத்தில் போய்விடுகிற சொந்தக்காரர்போல இருந்தது அந்த எண்ணெய்.

"லேசான எண்ணெய் லேசாத்தான் இருக்கும்" என்றார் சக்ரேஸ்வரி அம்மாள். "கூட ஒண்ணைத் துணைக்கு அனுப்பு. தர்பூசணி ரெண்டு பங்கு, தவிட்டு எண்ணெய் ஒரு பங்கு. எண்ணெய் மட்டும் போட்டா ஈரம் வராது, ஈரத்தைப் பிடிச்சு வெக்கத்தான் எண்ணெய். கத்தாழைச் சோத்துல அடிச்சுச் சேர்த்துக்கோ."

கத்தாழைக்குப் பஞ்சமில்லை. சசிகலா வீட்டு மொட்டை மாடியில் திருஷ்டிக்கு வைத்தது, திருஷ்டியே பயந்து ஓடுகிற அளவுக்கு வளர்ந்து கிடந்தது. மடலை நறுக்கி நிமிர்த்தி வைத்து, அரிக்கிற மஞ்சள் பால் வடிந்ததும், தோலைச் சீவி, நடுச்சோற்றை நாலு தண்ணீரில் கழுவினாள். மிக்ஸியில் போட்டாள். சமைத்துப் பழகின கை சும்மா இருக்குமா? எண்ணெயைக் கரண்டியில் எடுத்துத் தாராளமாக மூன்று கரண்டி ஊற்றினாள். மிக்ஸி நின்றதும், வத்தக்குழம்பு மாதிரி மேலே ஒரு விரல்கடைக்கு எண்ணெய் மிதந்தது.

சக்ரேஸ்வரி அம்மாள் போனிலேயே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"அம்மா தாயே, அது முகம்! கத்திரிக்காய் இல்லே! கைப்பிடி சோத்துக்குப் பத்துச் சொட்டு. எண்ணிப் போடு."

எண்ணிப் போட்டாள். மறுபடி மிக்ஸியில் அடித்தாள். மோர் நுரை மாதிரி வெளிறி, விரலில் எடுத்தால் நடுங்கி நின்றது. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இறங்கி, அரை மணியில் காணாமல் போனது. சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். மூன்று நாளைக்குமேல் வைக்காதே, கெட்டுப்போகும், புதிதாகச் செய்துகொள் என்பது அம்மாள் உத்தரவு.

மிச்சம் ஒரு சந்தேகம் இருந்தது. தன் கன்னத்துக்குச் சரி, பட்டு என்ன சொல்லுமோ என்று. பாலுவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்கு எதுக்கு? நான் லைவுல நிக்கவா போறேன்?"

"உங்க கன்னம் தேங்காய் நார் மாதிரி. அதுல ஒட்டலைன்னா எதுலயும் ஒட்டாது. ஆடாம உட்காருங்க."

சசிகலாவுக்கும் தடவினாள். சசிகலா மாமியாருக்குத் தடவினாள். அந்த வாரம் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் சாயங்காலம் கன்னத்தில் பட்டுத் துண்டை வைத்துக்கொண்டு, கடியாரத்தைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த கூரியர்க்காரர், தெரு முழுக்கப் பல்வலி என்று எண்ணிக்கொண்டு பார்சலை வீசிவிட்டு ஓடினார். முப்பத்திரண்டு துண்டு சேர்ந்தது. பாலு அத்தனையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முப்பத்தொன்றில் ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும் கறை. அது சசிகலா மாமியாருடையது. அவர் அரை மணி காத்திருக்கப் பொறுமையில்லாமல், நடுவில் எழுந்துபோய் ஒரு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தத் துண்டைத் தள்ளுபடி செய்தார்கள்.

தை முதல் ஞாயிறு வந்தது. பதினொரு மணிக்கு லைவ். பத்தேகாலுக்கு முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் பட்டாணி அளவு எடுத்துத் தடவிக்கொண்டு, பத்தரைக்குக் கடை மாடியில் இருந்தாள் புஷ்பலதா. பரசுராமன் பட்டு வேட்டியில் உலாத்திக்கொண்டிருந்தார். அக்குளில் முகப்பவுடர் டப்பா. பதற்றம் வந்தால் அவருக்குப் பசிக்கும். பக்கத்து ஓட்டலிலிருந்து மெதுவடை பொட்டலம் வந்து பிரிந்திருந்தது.

"புஷ்பா, எதுக்கும் இன்னைக்கு முதல் பத்துப் புடவை தோள்லயே காட்டு. அப்புறம் பாக்கலாம்" என்றார் வடையை மென்றபடி.

"சரிங்கண்ணா" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

தேவிப்ரியா போனைச் சரி செய்தாள். "எண்ணூத்தி நாப்பது பேருக்கா" என்று கிசுகிசுத்தாள். பொங்கல் முடிந்த ஞாயிறு, கல்யாண வீடுகள் எல்லாம் போன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தன.

முதல் புடவையை எடுத்தால் சந்தன நிறம். அதே சாயம், அதே மெல்லிய ஜரிகைக் கரை. வேலூர்ப் பெண்ணுக்காக மறுபடி நெய்தது. புஷ்பலதா தோளில் போட்டு, கரையைக் காட்டி, முந்தானையை விரித்து, சும்மா நின்றாள். கை மட்டும் தானாகக் கன்னம் வரைக்கும் எழுந்து, பாதியில் நின்று, இறங்கியது.

கமெண்ட் ஓட ஆரம்பித்தது. தேவிப்ரியா வாசித்தாள். "கன்னம் எங்கேக்கா? ... அக்கா ஒடம்பு சரியில்லையா? ... கன்னத்துல வெக்காம எப்படி வாங்கறது?" அடுத்ததை வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "வேலூர்லேர்ந்து கல்யாணப் பொண்ணு கேக்கறாங்க. போன தடவை கறை ஆனது பரவாயில்லை. அக்கா கன்னம் ஓகே சொல்லாம நான் தாலி கட்டிக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வரியை அந்தப் பெண் எழுதினாளா, தேவிப்ரியா சேர்த்தாளா என்பது இன்றுவரைக்கும் தெரியாது. விக்கல் மட்டும் ஒன்று வந்தது அவளுக்கு.

புஷ்பலதா பரசுராமனைப் பார்த்தாள். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். வாயில் வடை இருந்ததால் வேறு ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் முந்தானையை எடுத்தாள். கன்னத்தில் ஒற்றினாள். கண்ணை மூடினாள்.

பட்டு வந்து உட்கார்ந்தது. இழுக்கவில்லை, பிடிக்கவில்லை. மார்கழி முழுக்க அவளோடு பேசாமல் இருந்த துணி மறுபடி பேச ஆரம்பித்தது. இழை இழையாகத் தெரிந்தது. கரையோரம் ஜரிகை மடங்குகிற இடம் தெரிந்தது. எங்கேயும் பிசிறு இல்லை. கண்ணைத் திறக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எண்ணூற்று நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

பிறகு முந்தானையை எடுத்துப் போனுக்கு நேராக விரித்தாள். வட்ட லைட்டு வெளிச்சம் பட்டுக்குள் ஊடுருவிப் போனது. சந்தனம் சந்தனமாகவே இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை.

"பூ மாதிரி இருக்கும்மா" என்றாள் வேலூர்ப் பெண்ணைப் பார்த்து. "தைரியமா கட்டிக்கோ."

பரசுராமனால் நம்ப முடியவில்லை. லைவ் ஓடுகிறது என்பதையே மறந்து, பவுடர் டப்பாவோடு போன் முன்னால் வந்துவிட்டார். "எங்கே, எங்கே, காட்டு" என்று முந்தானையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "அட, ஒண்ணுமே இல்லையேம்மா!" என்று பெருமையாகப் போனுக்கு நேராக விரித்தார்.

விரித்த முந்தானையில், இரண்டு ஓரத்திலும், அவர் பிடித்திருந்த இடத்தில், வடை எண்ணெயில் அச்சு அசலாகப் பத்து விரலும் பதிந்திருந்தன.

தேவிப்ரியா கமெண்டைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை, தெளிவாக வாசித்தாள்:

"அண்ணா, அது புது டிசைனா?"

புஷ்பலதா சிரித்த சிரிப்பில் முகத்தில் ஒரு இடத்திலும் எரியவில்லை. பரசுராமன் அக்குளிலிருந்த பவுடர் டப்பாவைத் தானே உருவி, தன் கையாலேயே அவருடைய பத்து விரல் அச்சின்மேலும் ஒவ்வொன்றாகத் தூவினாள்.

"அண்ணா, வடை சாப்ட கையோட இனிமே புடவையைத் தொடாதீங்க" என்றாள். "அரை மணி வெயிட் பண்ணுங்க. கை குடிச்சு முடிக்கட்டும்."

வேலூர்ப் பெண்ணுக்குப் பாலு மூன்றாவதாக ஒரு சந்தனப் புடவை நெய்து கொடுத்தான். நெய்துகொண்டிருந்த பத்து நாளும், புஷ்பலதா குளிக்கப் போகிற சமயம் பார்த்து ஃபிரிட்ஜ் கதவு சத்தமில்லாமல் திறந்து மூடியது. டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. அவள் மறுபடி மறுபடி செய்து நிரப்பி வைத்தாள். புடவையை அறுத்துக் கொடுத்த அன்று முந்தானையைத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். பிறகு பாலுவைக் கிட்டே கூப்பிட்டு, அவன் கன்னத்தையும் தன் கன்னத்தால் ஒற்றிப் பார்த்தாள்.

"இங்க குத்தலைங்க" என்றாள்.